சல்பேட் உள்ளே வரக் கூடாது

அக்டோபர் 5, ஞாயிறு

சபீனா டீச்சருக்கு முதலில் ஒரு மன்னிப்பு. இந்தப் பக்கத்தில் சில எழுத்துகள் பூசணிக்காய் போலவும் சில கடுகு போலவும் இருக்கும். வரி நேராகத்தான் கிளம்புகிறது. நடுவில் மேலே ஏறி, கடைசியில் சறுக்கி விழுகிறது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியே பழகிய கை இது. பேனாவில் கனமே இல்லை. அதனால் அது எங்கே போகிறது என்று கைக்குத் தெரிவதில்லை. அழுத்திப் பிடித்தால் தாள் கிழிந்துவிடுகிறது. ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆகிறது. நீங்கள் நிதானமாகப் படியுங்கள்.

வாரம் ஒரு பக்கம், என்ன நடந்ததோ அதை எழுதி ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள் என்றீர்கள். எனக்கு ஒரு பக்கம் போதாது போலிருக்கிறது. எழுபத்தொரு வருடம் எழுதாமல் இருந்தவன்.

பெயர் துலுக்காணம். அது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. துலுக்காணம்.

அக்டோபர் 6, திங்கள்

என் வேலையைப் பற்றி எழுதுகிறேன். மணலியில் டீசல் கம்பெனி ஒன்றின் பின்பக்கம் தனியாக ஒரு ஷெட் இருக்கிறது. அதற்கு நான் வாட்ச்மேன். 'எழுதப் படிக்கத் தெரிந்த காவலாளி தேவை' என்று சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நான் தெருவில் நின்று அதைச் சத்தமாகப் படித்தேன். ஒட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்து, "உனக்குத்தான் பெரியவரே, உள்ளே போ" என்றார். இப்படித்தான் வேலை கிடைத்தது. தினமும் காலையில் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறேன். முன்பெல்லாம் கட்டைவிரலில் மை தடவி வைத்துவிட்டு, அந்த மையை வேட்டியில் துடைப்பேன். இப்போது வேட்டி சுத்தமாக இருக்கிறது. என் மனைவி அஞ்சலைக்கு அதில் பெரிய சந்தோஷம்.

ஷெட்டுக்குள் ஒரே ஒரு டேங்க். எங்கள் வீட்டு உயரம் இருக்கும். அதற்குள் தண்ணீரும் டீசலும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. கூடவே கிருமிகளும் இருக்கின்றன. கிருமி என்று சொன்னால் மேடத்துக்குப் பிடிக்காது. நுண்ணுயிர் என்று சொல்ல வேண்டும்.

மேடத்தின் பெயர் டாக்டர் ஜெபமலர். ஊசி போடும் டாக்டர் இல்லை, படித்த டாக்டர். தூத்துக்குடிக்காரர். முதல் நாளே என்னை டேங்க் பக்கத்தில் நிற்க வைத்துச் சொன்னார்:

"ஐயா, டீசல்ல கந்தகம் இருக்கு. அது வண்டியில எரிஞ்சா புகையில வந்து நம்ம நெஞ்சைத்தான் பிடிக்கும். பெரிய ஆலையில சூடு ஏத்தி, அழுத்தம் கொடுத்து அதை எடுக்காங்க. அப்படியும் கொஞ்சம் வராம ஒளிஞ்சுக்கிடும். இந்த நுண்ணுயிர் அதைத் தேடிப்பிடிச்சுக் கடிச்சு எடுத்துரும். டீசலைத் தொடாது."

என் பேரன் பாயசத்தைத் தொடாமல் முந்திரியை மட்டும் எடுத்துத் தின்பான். அது போல என்று புரிந்துகொண்டேன்.

"அதுக்குக் கந்தகம் பிடிக்குமா மேடம்?" என்று கேட்டேன்.

"உயிர் வாழ துளி வேணும். வேற எங்கயும் கிடைக்கல, அதனால டீசல்ல இருந்து எடுக்கு. சுலபமா வேற கந்தகம் கிடைச்சா இந்தப் பக்கமே திரும்பாது. அதனால நாம மத்த எல்லாச் சாப்பாடும் போடுறோம், கந்தகத்தை மட்டும் கண்ணுல காட்டுறதில்ல."

மிஷின் ஓட்டும் தாமோதரன் பக்கத்தில் நின்றிருந்தான். "வீட்ல கொழம்பு இருந்தா நான் மட்டும் ஏன் நைனா கேண்டீனுக்குப் போறேன்" என்றான். அவன் கிருமிகளைப் பசங்க என்றுதான் சொல்வான்.

மேடத்தின் அறையில் ஒரு பெட்டி இருக்கிறது. அதில் டீசலை ஊற்றினால் கந்தகம் எவ்வளவு என்று எண் காட்டும். புது டீசலுக்கு முந்நூறு. கிருமிகள் வேலை செய்தால் எண் இறங்கும். மாதக் கடைசியில் ஜெனரல் மேனேஜர் வருகிறார். ஐம்பதுக்குக் கீழே இறங்கியிருந்தால் ஷெட் நடக்கும். இல்லையென்றால் பூட்டு. பூட்டிய ஷெட்டுக்குப் பதிவேடு எதற்கு, கையெழுத்து எதற்கு. இதை நான் அடிக்கடி நினைப்பதில்லை. தினம் ஒரு தடவைதான்.

அக்டோபர் 8, புதன்

டேங்கின் மேல் ஒரு போர்டில் மேடம் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கிறார்: 'சல்பேட் உள்ளே வரக் கூடாது.' நல்ல பெரிய எழுத்து. போகும்போதும் வரும்போதும் நான் அதைப் படிப்பேன். சல்பேட் என்றால் என்ன என்று மேடத்திடம் கேட்டேன். கந்தகம் கலந்த உப்பு, கிருமிகளுக்கு அது அல்வா மாதிரி என்றார். சரிதான், அல்வாவைத் தடுப்பது கேட்டில் இருப்பவன் வேலை.

டீசல் இருக்கிற இடம் என்பதால் வருகிறவர்களிடம் தீப்பெட்டி, பீடி எல்லாம் வாங்கி வைப்பேன். இன்றிலிருந்து அதையும் சேர்த்துக்கொண்டேன். பார்சல்காரனிடம், "தீப்பெட்டி, லைட்டர், சல்பேட் ஏதாவது இருந்தா இங்க வெச்சிட்டுப் போ" என்றேன். அவன் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "லைட்டர் மட்டுந்தான் தாத்தா கீது" என்றான். நேர்மையான பிள்ளை.

சாயங்காலம் மழை. வீட்டில் குழாய்த் தண்ணீர் காவி நிறத்தில் வந்தது. அஞ்சலை படிகாரத்தை ட்ரம்மில் நாலு சுற்றுச் சுற்றினாள். சேறு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

அக்டோபர் 10, வெள்ளி

இன்று எண் எழுபது. மேடம் ஜாங்கிரி வாங்கிவந்தார். முந்நூற்றில் இருந்து எழுபது. இன்னும் கொஞ்சம் இறங்கினால் ஷெட் பிழைத்தது.

பக்கத்துப் பெயிண்ட் கம்பெனி வாட்ச்மேன் கோதண்டம் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "இன்னாபா, ஸ்வீட்டெல்லாம் ஓடுது. உன் கிருமிங்க நல்லா துன்னுதாமே" என்றான். நல்ல மனிதன்தான். ஆனால் அவன் கண் பெரிய கண். சொல்லும்போது இமைக்கவில்லை. நான் பார்த்தேன்.

தாமோதரனிடம் சொன்னேன். அவன் கையில் இருந்த ஜாங்கிரியைக் கீழே வைத்துவிட்டான்.

"நைனா, நான் ஆயுத பூஜை அன்னிக்கே சொன்னேன். எல்லா மெஷினுக்கும் லீவு, இதுக்கு மட்டும் இல்லன்னாங்க. நிறுத்துனா காத்து போவாது, பசங்க செத்துருவாங்களாம். வெளிய ஒரு பொட்டு வெச்சதோட சரி. ஒரு பூசணிக்கா ஒடச்சோமா? இல்ல. இப்ப கோதண்டம் வேற வாய வெச்சிட்டான்."

"மேடத்துகிட்ட சொல்லலாமா?"

"அவங்களுக்கு இதுலெல்லாம் நம்பிக்க இல்லன்னு எத்தினி வாட்டி சொல்லிகீறாங்க."

அது உண்மை. மேடம் அப்படித்தான் சொல்வார்.

அக்டோபர் 11, சனி

மேடம் சாப்பிடப் போன நேரத்தில் நல்ல காரியம் ஒன்று செய்தோம். நாட்டு மருந்துக் கடையில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு படிகாரக் கல் வாங்கி, கறுப்புக் கயிற்றில் கட்டினேன். வீடாக இருந்தால் வாசலில் கட்டுவோம். கிருமிகளுக்கு வாசல் எது என்று யோசித்தோம். டேங்கின் மேல்மூடிதான். அதன் வழியாகத்தான் அவர்களுக்குச் சாப்பாடு போகிறது. மேடம் கண்ணில் படக்கூடாது என்பதால் மூடிக்கு அடிப்பக்கம், குழாய்க்குப் பின்னால் கட்டினோம். தாமோதரன் ஏணியைப் பிடித்துக்கொண்டான். நான் ஏறினேன். உள்ளேயிருந்து வெதுவெதுப்பாக ஆவி வந்து முகத்தில் பட்டது. ஒரு வணக்கம் வைத்துவிட்டு இறங்கினேன்.

அஞ்சலைக்கு முட்டிவலி. தைலம் தேய்த்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

ஏறிப் பார்த்தேன். படிகாரம் பட்டாணி அளவுக்குக் கரைந்திருக்கிறது. இரண்டே நாளில். எங்கள் வீட்டு வாசலில் கட்டியது ஒரு வருடமாக அப்படியே தொங்குகிறது. எவ்வளவு கண் பட்டிருந்தால் இப்படிக் கரையும். நல்ல வேளை கட்டினோம்.

அக்டோபர் 15, புதன்

புது டீசல் ஊற்றிச் சுற்றவிட்டார்கள். இந்தத் தடவை எண் நூற்று எண்பதுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. மேடம் பெட்டியைத் தட்டினார். பிறகு கழுவினார். பிறகும் நூற்று எண்பது.

தாமோதரனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பட்டாணி இருந்த இடத்தில் வெறும் கயிறுதான் இருக்கிறது. கல் முழுவதும் திருஷ்டியைத் தாங்கித் தாங்கிச் செத்திருக்கிறது. எலுமிச்சை அளவில் வாங்கிக் கட்டினேன்.

கோதண்டம் மதில்மேல் வந்து, "இன்னா துலுக்காணம், மேடம் மூஞ்சி டல்லடிக்குது" என்று கேட்டான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இனிமேல் அவனோடு பேச்சில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

எண் இருநூற்று நாற்பது. கிருமிகளுக்குச் சாப்பாடாகப் போடும் உப்புகளை எல்லாம் மேடம் மாற்றிவிட்டார். தண்ணீரை மாற்றி, காய்ச்சி வடித்த தண்ணீர் கேன் கேனாக வரவழைத்தார். கேன்களை நான்தான் கேட்டில் சோதித்தேன். கேன்காரனிடம் சல்பேட் இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டேன். சட்டையைக் கழற்றிக் காட்டுகிறேன் என்றான். காட்டச் சொன்னேன்.

டேங்கில் சின்னக் கண்ணாடி ஒன்று உண்டு. அதில் பார்த்தால் முன்பு தண்ணீர் மோர் போல இருக்கும். இப்போது தெளிந்திருக்கிறது. கிருமிகள் அடியில் போய் உட்கார்ந்துவிட்டன. மேடம் அந்தக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"என்ன குறைன்னே தெரியலையே ஐயா. நல்லாத்தான் வளந்திருக்கு, கொழுகொழுன்னு இருக்கு. வேலை மட்டும் செய்ய மாட்டேங்கு. சாம்பிளை வெளி லேபுக்கு அனுப்பியிருக்கேன். தீபாவளி லீவெல்லாம் முடிஞ்சு அடுத்த மாசம்தான் பதில் வரும். அதுக்குள்ள ஜி.எம். வந்துருவாரு."

"பூட்டிடுவாங்களா மேடம்?"

"பூட்டிருவாங்க. ஆறு வருஷம் ஐயா. இதைத் தேடிப்பிடிக்கவே ஆறு வருஷம்."

நான் நேராகக் கடைக்குப் போனேன். சின்னக் கடையில் பெரிய கல் இல்லை. திருவொற்றியூர் வரை பஸ்ஸில் போய்த் தேங்காய் அளவுக்கு வாங்கிவந்தேன். பெரிய கடை, அதனால் அச்சடித்த கவரில் போட்டுக் கொடுத்தார்கள். பழைய எலுமிச்சையைக் கயிற்றோடு காணோம். கட்டும்போது தாமோதரன், "மூடி தாங்குமா நைனா" என்று கேட்டான். தாங்கியது.

கவரைச் சட்டைப்பையில் மடித்து வைத்திருக்கிறேன். படிக்க ஏதாவது கிடைத்தால் நான் விடுவதில்லை. பெரிய எழுத்தைப் பஸ்ஸிலேயே படித்துவிட்டேன். படிகாரம் என்று போட்டிருக்கிறது. சின்ன எழுத்து நிறைய இருக்கிறது. அதைத் தீபாவளிக்கு வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 18, சனி

எண் இருநூற்றுத் தொண்ணூறு. தேங்காய் நன்றாக உழைக்கிறது, ஒரு பக்கம் மாங்காய் போல ஆகிவிட்டது.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

காலையில் எண்ணெய்க் குளியல். அஞ்சலை அதிரசம் சுட்டாள், இரண்டு கருகிவிட்டது, அவற்றை எனக்கு வைத்தாள். ஷெட்டுக்கு லீவு இல்லை. கிருமிகளுக்குக் காற்று போக வேண்டும். மேடமும் ஊருக்குப் போகவில்லை. அதிரசம் கொடுத்தேன். சாப்பிட்டார், ஆனால் இனிப்பாக இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

மத்தியானம் கேட்டில் உட்கார்ந்து கவரை எடுத்துப் படித்தேன். முதலில் கடை விலாசம். பிறகு போன் எண். பிறகு, 'தண்ணீர் தெளிய, திருஷ்டி கழிய, முகம் மழித்தபின் தடவ.' எல்லாம் சரளமாகவே வந்தது. கடைசி வரி ரொம்பச் சின்ன எழுத்து. பொட்டாசியம். அதைப் படிக்கவே அரை டம்ளர் டீ ஆயிற்று. அலுமினியம். அது எனக்குத் தெரியும், பாத்திரம்.

அதற்கு அடுத்த சொல்லையும் படித்தேன்.

பிறகு டேங்க் வரை போய் போர்டைப் படித்தேன். திரும்பி வந்து கவரைப் படித்தேன். மறுபடியும் போர்டு.

பட்டாசுச் சத்தம் அதிகமாக இருக்கிறது. இன்றைக்கு இது போதும்.

அக்டோபர் 21, செவ்வாய்

மழை. எழுத ஒன்றும் இல்லை. மூடியில் கயிறு அறுந்துபோயிருந்தது, மீதிக் கல்லை எடுத்து வெளியே போட்டேன். கயிறு பழையது.

அக்டோபர் 22, புதன்

"இன்னாய்யா, சோத்துல கோலம் போட்டுனு கீற" என்று அஞ்சலை கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன். அவள் என் சட்டையைத் துவைக்கும்போது கவரைப் பார்த்தாள். நம் வகுப்பில் அவள் என்னைவிட வேகமாகப் படிப்பாள். கவரை உலர்த்தி மறுபடியும் பையில் வைத்தாள்.

படுக்கும்போது மட்டும், "உன் கேட்டாண்ட வர்றவன் சட்டையெல்லாம் கழட்டிப் பாத்தியாமே" என்றாள்.

அக்டோபர் 23, வியாழன்

காலையில் கையெழுத்துப் போட்டேன். கடைசிக் கையெழுத்தாக இருக்கட்டும் என்று கொஞ்சம் பெரியதாகவே போட்டேன். பிறகு மேடத்தின் அறைக்குப் போனேன்.

"மேடம், சல்பேட் உள்ள வந்துடுச்சு."

மேடம் எழுந்துவிட்டார். "யாரு கொண்டுவந்தா?"

"கேட்ல நான்தான் மேடம் இருந்தேன்."

"அது தெரியும் ஐயா. கொண்டுவந்தது யாரு?"

"அதுவும் நான்தான் மேடம்."

கவரை மேசைமேல் வைத்தேன். மேடம் அந்தச் சின்ன எழுத்தை ஒரே மூச்சில் படித்துவிட்டார். படித்தவர்கள் படித்தவர்கள்தான். எங்கே கட்டினோம், ஏன் கட்டினோம், ஆவி பட்டு எப்படிச் சொட்டியிருக்கும் என்று எல்லாம் சொன்னேன்.

"எவ்வளவு பெருசு?"

"மொதல்ல நெல்லிக்கா மேடம். அப்புறம் எலுமிச்சம்பழம். அப்புறம் தேங்கா."

மேடம் உட்கார்ந்துவிட்டார். "தேங்காயா?"

"சின்னத் தேங்காதான் மேடம்."

கதவுக்கு வெளியேயிருந்து தாமோதரனின் குரல் வந்தது. "நான் ஏணிய மட்டுந்தான் மேடம் புடிச்சேன்."

மேடம் கொஞ்ச நேரம் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். அழுகிறார் என்று நினைத்தேன். விரல்களை எடுத்தபோது அது என்ன முகம் என்று எனக்குப் புரியவில்லை.

"தண்ணியை மாத்துனேன். உப்பை மாத்துனேன். ராத்திரி தூங்காம என் ஆறு வருஷக் கணக்கையும் திருப்பிப் பாத்தேன். நீங்க மேல இருந்து அதுங்களுக்கு விருந்து வெச்சிருக்கீங்க. எண் ஏற ஏற கல்லும் பெருசாகியிருக்கு."

"திருஷ்டி ஜாஸ்தியாகுதுன்னு நெனச்சோம் மேடம். நான் வேலைய விட்டுடட்டுமா?"

"விட்டுட்டு?" என்றார் மேடம். குரல் ஏறியது. "டேங்கை யாரு கழுவுவா? நானா? ஏணி எங்க இருக்குன்னு உங்களுக்குத்தானே தெரியும்."

அக்டோபர் 24, வெள்ளி

இன்று முழுவதும் டேங்க் கழுவினோம். ஃபிரிட்ஜில் ஒரு புட்டியில் அதே கிருமிகள் கொஞ்சம் உறங்கிக்கொண்டிருக்கின்றனவாம். தயிருக்கு உறை ஊற்றுவது போல அதிலிருந்து மறுபடியும் வளர்த்துக்கொள்ளலாம். ஐந்தாறு நாள் இருக்கிறது, வந்தாலும் வரும் என்றார் மேடம். டேங்க் மட்டும் துளி சல்பேட் இல்லாமல் இருக்க வேண்டும்.

தண்ணீரைத் திறந்துவிட்டோம். கொழுத்த கிருமிகள் எல்லாம் அடியில் மாவு போலப் படிந்திருந்தன. அவற்றைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. சாப்பாடு போட்டவன் நான்தானே.

மாவுக்குள்ளேயிருந்து முதலில் என் கறுப்புக் கயிறு வந்தது. பழைய எலுமிச்சை அளவுக் கல்லின் கயிறு. மேடம் அதைக் கையில் எடுத்து என்னைப் பார்த்தார்.

அடுத்து ஓர் எலுமிச்சம்பழம் வந்தது. நிஜப் பழம். நடுவில் கம்பி குத்தி நாலு பச்சைமிளகாய் கோத்திருந்தது. அது என்னுடையது இல்லை. தாமோதரன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏணிய மட்டுந்தான் புடிச்சேன்னீங்க" என்றார் மேடம்.

"அது வேற அன்னிக்கு மேடம்."

பிறகு நான் துடைப்பத்தால் மூலையைத் தள்ளும்போது ஏதோ மினுங்கியது. குனிந்து எடுத்தேன். நகத்தின் அளவுக்கு ஒரு மாதா மெடல், சின்ன வளையத்தோடு. வேளாங்கண்ணியில் கொடுப்பார்களே, அது. என் வீட்டில் அது கிடையாது. தாமோதரன் வீட்டிலும் கிடையாது. ஷெட்டுக்கு வேறு யாரும் வருவதில்லை.

மெடலை மேடத்திடம் நீட்டினேன். மேடம் வாங்கி, தண்ணீரில் அலசி, கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அந்த மூலையை நல்லாத் தேய்ங்க ஐயா" என்றார்.

தேய்த்தேன். அதற்குப் பிறகு மேடம் எங்களைத் திட்டவே இல்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

டீச்சர், வகுப்புக்கு வர முடியவில்லை. அஞ்சலை மட்டும் வருகிறாள். கேட்டால், கிருமிக்குப் பிரசவம் பார்க்கிறான் என்று சொல்வதாகச் சொன்னாள். அதுவும் சரிதான்.

அக்டோபர் 28, செவ்வாய்

மோர் நிறம் வந்துவிட்டது. புது டீசல் ஊற்றியாயிற்று. கண்ணாடியில் பார்த்தேன். இவர்கள் ஒல்லியாக இருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கண்ணுக்குத் தெரியாது என்று மேடம் சொல்கிறார். தோன்றுவதை என்ன செய்வது.

கோதண்டத்துக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். "இன்னாபா, ரெண்டு வாரமா மூஞ்சிய திருப்பிக்கினு போன" என்றான். கழுத்து சுளுக்கு என்றேன்.

அக்டோபர் 30, வியாழன்

ஜெனரல் மேனேஜர் பட்டாபிராமன் சார் வந்தார். வெள்ளைக் கார். கேட்டில் நிறுத்தினேன்.

"தீப்பெட்டி, லைட்டர், சல்பேட் ஏதாவது இருந்தா இங்க வெச்சிட்டுப் போங்க சார்."

சார் சிரித்துவிட்டார். "சல்பேட்டா? அதெல்லாம் நமக்கு எதுக்குய்யா" என்று உள்ளே போனார்.

மேடம் பெட்டியில் டீசலை ஊற்றினார். என்னையும் உள்ளே கூப்பிட்டிருந்தார், அறையின் சூட்டைக் கருவியில் படித்து எழுத. நான் சூட்டைப் பார்க்கவில்லை. எல்லோரும் எண்ணைத்தான் பார்த்தோம். அது ஓடிற்று. நின்றது. நாற்பத்தொன்று.

மேடம் கோட்டுப் பைக்குள் கையை விட்டு எதையோ பிடித்துக்கொண்டார்.

"பலே" என்றார் ஜி.எம். சார். "நான் பூட்டைக் கையோட கொண்டாந்தேன். வேண்டியதில்ல. இன்னொரு டேங்க் வைங்க." பிறகு டேங்கைச் சுற்றி வந்து, மேலும் கீழும் பார்த்து, முகம் மாறினார். "என்னம்மா இது, இவ்வளவு பெரிய விஷயம் நடக்குது, திருஷ்டிக்கு ஒண்ணும் கட்டல? என் வீட்டுக்காரம்மா அதுக்குத்தான் காலையிலயே கொடுத்து அனுப்பிச்சாங்க." டிரைவரைக் கூப்பிட்டு, "அந்தப் பையைக் கொண்டா" என்றார்.

பைக்குள் சிவப்புத் துணி. துணிக்குள் படிகாரம். பலாக்கொட்டை அளவு இல்லை, பலாப்பிஞ்சு அளவு. பூஜையில் வைத்து எடுத்ததாம். கயிறு பட்டுக் கயிறு.

"டேங்க் வாயிலேயே கட்டுங்க. என் கண் முன்னாலயே" என்றார்.

தாமோதரன் கூரையைப் பார்த்தான். மேடம் போர்டைப் பார்த்தார். இன்னொரு டேங்க் கொடுக்கிறவர், அவருடைய மனைவி பூஜை செய்தது, எப்படி வேண்டாம் என்பது. டிரைவர் ஏணியை எடுத்து வைத்துவிட்டான். முதல் படியில் காலையும் வைத்துவிட்டான்.

நான் போய் ஏணியைப் பிடித்து நிறுத்தினேன்.

"சார், கேட்லயே கேட்டேனே சார். சல்பேட் இருக்கான்னு."

"இது படிகாரம்யா."

"அதேதான் சார்." போர்டைக் காட்டினேன். பிறகு பையிலிருந்து கவரை எடுத்து, அந்தக் கடைசி வரியைச் சத்தமாகப் படித்தேன். தட்டுத்தடுமாறித்தான் படித்தேன். எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

சார் மேடத்தைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

"ஆமா சார். துளி விழுந்தாலும் அதுங்க வேலையை விட்டுரும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும், கட்டிப் பாத்தீங்களா?"

மேடம் என்னைப் பார்த்தார். நான் மேடத்தின் கோட்டுப் பையைப் பார்த்தேன்.

"சோதனை செஞ்சு பாத்திருக்கோம் சார்" என்றார் மேடம். "மூணு அளவுல."

சார் படிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "இதைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா, கட்டலியான்னு கேப்பாங்க." அவருக்கும் ஒரு அஞ்சலை இருக்கிறாள் என்று புரிந்தது.

"கேட்ல கட்டிடறேன் சார்" என்றேன். "கண்ணு எல்லாம் கேட்டு வழியாத்தான் உள்ள வருது."

சார் முகம் தெளிந்தது. ஏணியைக் கேட்டுக்கு எடுத்துப் போனோம். தாமோதரன் பிடித்துக்கொண்டான். இந்தத் தடவை மேடமும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்.

நவம்பர் 2, ஞாயிறு

இன்று வகுப்பு முடிந்து இதைக் கொடுக்கிறேன் டீச்சர். பதிவேட்டில் இந்த மாதத்துக்குப் புதுப் பக்கம் திறந்தாயிற்று. முதல் பெயர் என்னுடையது.

விடாமல் மழை பெய்கிறது. கேட்டில் இருக்கிற படிகாரம் சொட்டிக்கொண்டே இருக்கிறது. ஏன் கரைகிறது என்று எனக்கு இப்போது தெரியும். தாமோதரனுக்கும் தெரியும். இருந்தாலும் இன்று காலையில் அவன் அண்ணாந்து பார்த்து, "எம்மாம் கண்ணு பட்டிருக்குது பாத்தியா நைனா" என்றான். ஆமாம் என்றேன். சொட்டுகிற தண்ணீர் சாக்கடையில் போகிறது. சாக்கடையில் இருக்கும் கிருமிகள் இன்றைக்கு வேலைக்குப் போகாது. அவற்றுக்கும் ஒரு தீபாவளி.

இப்போது அது தேங்காய் அளவில் இருக்கிறது. இப்படியே பெய்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எலுமிச்சை ஆகிவிடும். ஏணி ஏறிப் பார்த்து, என்ன அளவு என்று அன்றைக்கு எழுதிக் கொண்டுவருகிறேன்.